வாடகைக் குரல்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊரில் 'மைக்' என்று பெயர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அறிவிப்பு அறைக்கு வந்து அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து சொல்லுவார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் பயணிகள் கனிவார்களோ இல்லையோ, கவனிப்பார்கள். அவ்வளவு கனமான குரல். ஆளுக்கும் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒல்லியாக, சட்டைக்குள் எங்கோ தொலைந்துபோனவர் மாதிரி இருப்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள், பின்னால் வேறு யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பது வழக்கம்.

அப்படி எட்டிப் பார்க்காத ஒரே ஆள் என் அக்கா. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஆஸ்பத்திரி எண்ணுக்கும் பேருந்து நிலைய எண்ணுக்கும் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். பாதி ஊர் தவறாக அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் நிலையத்துக்கே போன் போட்டாள்.

"உங்க பயணிங்க எல்லாம் எனக்குத்தான் போன் பண்றாங்க. கடைசி வண்டி போயிடுச்சான்னு கேக்கறாங்க. இங்க அந்தக் கேள்விக்கு வேற அர்த்தம்."

அந்தப் பக்கம் கனமாக ஒரு சிரிப்பு கேட்டதாம். அதோடு முடிந்தது கதை. பிறகு தவறான எண்ணைக் கூப்பிடாமலே இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் அவரைப் பற்றி வீட்டில் விசாரித்தபோது அக்கா சொன்ன ஒரே தகுதி, "பேசினா நல்லா இருக்கும்" என்பதுதான். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் போனில் பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

நான் அவளுக்கு அடுத்துப் பிறந்தவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் கோபம்தான் முதலில் வந்து நிற்கிறது. அது பாட்டுக்கு நிற்கட்டும்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மாமாவுக்குக் குரல் கரகரத்தது. பேருந்துப் புகை, தூசி என்று அவராகவே காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா முதல் வாரத்திலேயே, "இது தூசி இல்ல, குரலுக்கு அடியில வேற ஏதோ இருக்கு" என்று சொல்லி அவள் ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள். குரல்வளையில் புற்று. முழுதாக எடுத்தால் ஆள் பிழைப்பார், குரல் பிழைக்காது என்றார் டாக்டர். மூச்சு கூட இனிக் கழுத்தில் வைக்கும் துளை வழியாகத்தான்.

மற்ற வீடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு. ஆள் எழுதிக் காட்டுவார், கையைக் காலை ஆட்டுவார், வீட்டார் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இந்த வீட்டில் காட்டினால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. குழந்தைகளும் இல்லை, இரண்டே பேர். ஒருவருக்குக் கண் கிடையாது, இன்னொருவருக்கு இனிப் பேச்சு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் எது போகும், எது வரும்?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் வழி சொன்னார். அறுவைக்கு முன்பே குரலைச் சேமித்து வைக்கலாம். ஒரு கம்பெனி அதற்கென்று ஒரு ஆப் வைத்திருக்கிறது. அது காட்டும் வாக்கியங்களை எல்லாம் வாசித்தால், அதிலிருந்து அவருடைய குரலையே உருவாக்கிக் கொடுக்கும். பிறகு டேப் என்கிற தட்டைக் கணினியில் எதைத் தட்டினாலும் அந்தக் குரலில் பேசும். வருஷா வருஷம் சந்தா கட்டினால் போதும். மாமா யோசிக்கவே இல்லை.

படுக்கையறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வழிந்துகொண்டு வாசித்தார். வாக்கியங்களை எந்த மகானுபாவன் எழுதினானோ, ஒன்றுக்கும் தலையும் கிடையாது காலும் கிடையாது. "நரி வேலியைத் தாண்டியபோது ஜன்னல் திறந்திருந்தது." "என் சித்தப்பாவின் குடை இன்னும் ஈரமாக இருக்கிறது." இதை எல்லாம் மாமா "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" ராகத்தில் வாசித்தார். நரி மூன்றாவது மேடைக்கு வந்து நிற்பது போலவே இருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "நிறுத்துங்க. இது பஸ் ஸ்டாண்டு" என்றாள்.

"வேற எப்படிச் சொல்றது? என் குரலே இதுதானே?"

"இது மைக்கோட குரல். நேத்து லைட்டை அணைச்சிட்டு, 'கதவைப் பூட்டினியா ஆபரேட்டர்'னு கேட்டீங்கல்ல, அந்தக் குரல்ல சொல்லுங்க."

மாமா அவளை எப்போதும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார். இந்தத் தடவை நரி வேலியைத் தாண்டியதைத் தாழ்ந்த குரலில் மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்த அறையில் நிற்கவே கூச்சமாகிவிட்டது. அத்தனை வருஷம் அவரோடு பழகியிருக்கிறேன், அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

வலி வந்த நாள்களில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி ஆரம்பித்து, அறுவைக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். வாசித்தது ஒவ்வொன்றும் அப்போதே நேராகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மைக்கில் பேசி வாழ்ந்த மனுஷன். பேசினால் அது போய்விடும், அடுத்த வண்டிக்கு மறுபடி பேச வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தோன்றவில்லை, அவளும் லைனைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிற வேலை பார்ப்பவள்தானே.

அறுவை நடந்தது. ஆள் பிழைத்தார். நிலையத்தில் அவரைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். மேஜைமேல் டேப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு இரண்டு விரலால் தட்டுவார். "குடையின் கைப்பிடி என்ன நிறம்?" என்று டேப் கேட்கும். பழைய பயணிகள் டேப்பைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், குடையை மறந்துவிடுவார்கள்.

வீட்டில் சண்டை போடுவதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. அவர் இரண்டு விரலால் ஒரு பதிலைத் தட்டி முடிப்பதற்குள் அக்கா அடுத்த இரண்டு குற்றச்சாட்டுக்குப் போயிருப்பாள். பழைய குற்றச்சாட்டின் பதில் புதிய குற்றச்சாட்டின் தலையில் போய் விழும். ஒரு தடவை நான் இருக்கும்போதே, "எங்க அம்மாவைப் பத்தி என் தம்பிகிட்ட என்ன சொன்னீங்க?" என்று அவள் கேட்க, டேப் சாவகாசமாக, "ஆமாம், மறந்துட்டேன், நாளைக்கு வாங்கிட்டு வரேன்" என்றது. சண்டை அங்கேயே செத்துப்போனது. நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். மாமா சிரித்தால் சத்தம் வராது, கழுத்துத் துளையில் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும்.

குரல் அச்சு அசல் இல்லைதான். சில சொற்களில் இடறும். ஆபரேட்டர் என்பதை ஒரு இழுப்பு இழுக்கும். ஆனாலும் அது அவர்தான், வீட்டில் பேசுகிற அவர். அக்கா அடுப்படியில் இருந்துகொண்டே அதோடு பேசுவாள், திட்டுவாள், கேலி செய்வாள். கொஞ்ச நாளில் டேப் என்று ஒன்று நடுவில் இருப்பதே மறந்துபோனது. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்தது. நான் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், நான் நினைத்தால் வண்டி நிற்கும். இந்த டேப்பிலும் அப்படி ஒரு பிரேக் இருந்தது. அது யார் காலடியில் இருக்கிறது என்று மட்டும் எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது அழுந்தியது. மாமா டேப்பைத் திறந்தார். திரையில், உங்கள் பழைய குரல் இனிக் கிடைக்காது, அதற்குப் பதிலாகப் புதிய குரலை அனுபவித்து மகிழுங்கள் என்று வந்தது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்ல இடம் இல்லை. என்ன ஏது என்று புரியாமலே அதை அழுத்திவிட்டு, வழக்கம்போல "டீ இருக்கா?" என்று தட்டினார்.

சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி ஒரு இளவட்டக் குரல், உற்சாகமாக, "டீ இருக்கா?" என்றது.

"யாரு வந்திருக்கறது?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

மாமா பதறிப்போய், "நான்தான்" என்று தட்டினார். "நான்தான்!" என்றான் சோப்புக்காரன்.

அக்கா கரண்டியோடு வாசற்படிக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாருங்க நீங்க? அவர் எங்க?"

மாமா டேப்பைச் சோபாவில் வீசிவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை அவருடைய கைதான் என்று தெரிந்ததும் விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் கரண்டியை மட்டும் ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை என்று எனக்குப் போனில் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. வா என்று மட்டும் சொன்னாள்.

போனேன். டேப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன், சந்தா கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தது. கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டால் அந்த எண்ணே உயிரோடு இல்லை. அவர்களை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. வாங்கியவர்களுக்கு இந்தக் குரல் வியாபாரம் தேவைப்படவில்லை, மூடிவிட்டார்கள். புதிய கம்பெனியின் தளத்தில் ஒரு பெட்டி திறந்தது. அதில் நான் எழுதினால் ஏதோ ஒன்று பதில் எழுதியது. உங்கள் உணர்வுகள் எங்களுக்குப் புரிகின்றன என்றது. எங்கள் பயணத்தில் இத்தனை காலம் உடன் வந்ததற்கு நன்றி என்றது. எழுதுவது மனுஷனா மெஷினா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்திருந்தால் யாரைத் திட்டுவது என்றாவது தெரிந்திருக்கும்.

மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து எனக்கு எழுதிக் காட்டினார். "மாப்ள, வண்டி ரத்துன்னா ரத்துன்னு சொல்லணும். நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

அந்தப் பெட்டி கடைசியில் இன்னொன்றும் சொன்னது. சேவை முடிவதைப் பற்றிப் பல மாதங்களாக மின்னஞ்சலில் தெரிவித்து வந்தோமே என்றது. அந்த வீட்டில் மின்னஞ்சல், மின்கட்டணம், கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் அக்காவின் இலாகா. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்து அவள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்தால் கண் உள்ளவர்களுக்கு வெட்கமாக இருக்கும். அவள் மின்னஞ்சலைத் திறந்து, அழித்துப் போட்டவற்றில் தேடினாள். கடைசியாக வந்தது மட்டும் இருந்தது. அவளுடைய மென்பொருள் அதை வாசித்தது: "படம். படம். பெயரில்லாத இணைப்பு."

"இதா? இப்படி நிறைய வந்துச்சு. விளம்பரம்னு அழிச்சிட்டேன்" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். கடல், அதில் ஒரு படகு, மேலே சூரியன். அந்தப் படத்துக்குள்ளேயே அழகான எழுத்தில் எல்லா விவரமும் இருந்தது. எழுத்து எழுத்தாக இருந்திருந்தால் மென்பொருள் வாசித்திருக்கும். படமாகப் போட்டுவிட்டதால் அதற்கு வெறும் படம். வாய் பேச முடியாதவர்களுக்காகவே கடை வைத்தவனுக்கு, கண் தெரியாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பது நினைவுக்கு வரவில்லை. படகாம், சூரியனாம்.

"படிடா" என்றாள் அக்கா.

படித்தேன். நீங்கள் வாசித்துக் கொடுத்த பதிவுகளை இன்ன தேதிக்குள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம், அதன் பிறகு எல்லாம் நிரந்தரமாக அழிக்கப்படும். தேதி தாண்டியிருந்தது. அதிகமாகக்கூடத் தாண்டவில்லை.

"இன்னொரு தடவை படி."

படித்தேன். அவள் கணினியை மெதுவாக மூடினாள்.

"அவங்க அழிக்கல. நான்தான் அழிச்சிருக்கேன்" என்றாள்.

மாமா இல்லை இல்லை என்று பலமாகத் தலையை ஆட்டினார். ஆட்டியது அவளுக்குத் தெரியாது என்பது ஒரு கணம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் இரண்டு தடவை தட்டினார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. விடாமல் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து டேப் மேஜை இழுப்பறைக்குப் போனது. சோப்புக்காரன் பேசும்போதெல்லாம் அக்காவின் தோள் தூக்கிப்போடுவதை மாமா பார்த்துவிட்டார். பிறகு அதை அவள் எதிரில் திறக்கவே இல்லை. நிலையத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். பேச்சு முழுக்க அவள் பக்கம் வந்துவிட்டது. அவள்தான் கேள்வி கேட்க வேண்டும், ஆமாம் இல்லையில் முடிகிற கேள்வியாகப் பார்த்துக் கேட்க வேண்டும். அவள் கேட்காததை அவர் சொல்ல வழியில்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வீடு அது. நான் போகும்போதெல்லாம் கடிகாரச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் கடிகாரம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நடுவில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பிட்டீங்களா என்றால் ஆமாம், தூக்கம் வருதா என்றால் ஆமாம். கழுத்துத் துளையைச் சுற்றிப் புண் ஆகி எரிகிறது என்று சொல்ல அவருக்கு வழியில்லை, அதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கை சுட்டதும்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்து எனக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூச்சுக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் பிடி பிடியென்று பிடித்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அந்தச் சனியனை எடுத்து வெச்சுப் பேசினா என்னவாம் உங்களுக்கு? யார் குரலா இருந்தா என்ன, ஆள் உயிரோட இருக்கணும் இல்ல?" என்று அக்காவிடம் கத்தினேன்.

அக்கா பொறுமையாகத்தான் சொன்னாள். "பேசணும்தான்டா. ஆனா அந்தப் பையன் தினமும் நல்லாப் பேசறான். ரொம்ப நல்லாப் பேசறான். கொஞ்ச நாள் அவனையே கேட்டா, இவர் எப்படிப் பேசினார்னு எனக்கு மறந்துடும். உங்களுக்காவது முகம் இருக்கு. எனக்கு அவர்னா அந்தக் குரல் மட்டும்தான். அதையும் தூக்கி அவன்கிட்ட கொடுத்துடச் சொல்றியா?"

நான் எழுந்து மருந்து வாங்கப் போனேன்.

அதன் பிறகு நானே களத்தில் இறங்கினேன். இப்போதெல்லாம் ஒருவர் குரல் கொஞ்சமே கொஞ்சம் இருந்தாலும், அதை வைத்து முழுக் குரலையும் செய்து தருகிறார்களாம். நிலையத்தில் யாரோ எப்போதோ எடுத்த வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் ஓரமாக மாமா வண்டி அறிவிப்பது கேட்கிறது. ஒரு கம்பெனி அதிலிருந்து ஒரு மாதிரி செய்து அனுப்பியது. வெற்றி வீரனாக அக்கா வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்த மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லா இருக்கு. ஆனா இது பஸ் ஸ்டாண்டு."

"அதனால என்னக்கா? பாதியாவது அவர்தானே?"

"சரி. இது எங்க இருக்கும்? நம்ம வீட்டுலயா, அவங்ககிட்டயா?"

"அவங்ககிட்டதான். மாசாமாசம் சந்தா."

"அவங்க கடையை மூடினா?"

மாமா எழுந்து வந்து அவள் கையில் ஒரு தடவை தட்டினார். ஆமாம் என்றால் எதற்கு ஆமாம் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவளோடு அவர் ஒத்துப்போகிறார்.

"ஒரு தடவை போனதைத் தாங்கிக்கலாம். மறுபடி எப்போ போகும்னு பயந்துக்கிட்டே பேச முடியாதுடா" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் நான் போனபோது அவளே உள்ளேயிருந்து ஒரு பென்டிரைவோடு வந்தாள். அவள் வேலை செய்யும் கணினியில் திரையை வாசித்துக் காட்டுகிறதே, அந்தக் குரல். அதைச் சில பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், பிரித்துத் திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கிறார்களாம். சந்தா கிடையாது, எங்கேயும் போய் அனுமதி கேட்கத் தேவையில்லை. எழுதினவர்கள் நாளைக்கே விட்டுவிட்டுப் போனாலும் பென்டிரைவில் இருப்பது இருக்கும். ஒரு பிரதியை என் வீட்டிலும் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவளே டேப்பில் அதைப் போட்டாள். உதவட்டுமா என்று கேட்டதற்கு, கை கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னாள்.

மாமா தயங்கித் தயங்கி ஒரு வாக்கியம் தட்டினார். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 'வணக்கம் மாப்ள' என்றதாம். எனக்கு என்னவோ பாத்திரக்கடை சரிந்தது போல இருந்தது.

"ஐயோ, என்னக்கா இது? சோப்புக்காரனே தேவலை போலிருக்கே" என்றேன்.

"உனக்குப் பிடிக்கலன்னா நீ கேக்காத" என்று சொல்லிவிட்டு, அவள் வேகத்தைக் கூட்டினாள். வேலையில் அவள் அப்படித்தான் கேட்பாளாம், பல வருஷப் பழக்கம். மாமா மறுபடி தட்டினார். இந்தத் தடவை நீளமாக, நிறுத்தாமல். முடித்ததும் டப்பா விர்ரென்று ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டியது. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அக்கா பக்கென்று சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னார்?"

"புருஷன் பொண்டாட்டி பேசறதுல உனக்கென்னடா வேலை?"

மாமாவின் கழுத்துத் துளையில் காற்று புஸ்ஸென்று வந்தது. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. மறுபடி தட்டினார், மறுபடி விர்ர், மறுபடி அக்கா பதில் சொன்னாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் மனுஷன் கொட்டித் தீர்க்கிறார் என்பது மட்டும் புரிந்தது. நடுவில் அக்காவின் முகம் ஒரு தடவை மாறியது. "என் தப்பில்லைன்னு சொல்லாதீங்க. சரி, உங்க தப்பும் இல்ல. விடுங்க" என்றாள். அதிலிருந்து அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொண்டேன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தவளிடம், "அந்தத் தகரச் சத்தத்துல எப்படிக்கா அவரோட பேச முடியுது?" என்று கேட்டேன்.

"அது வார்த்தையை மட்டும்தான்டா கொண்டுவந்து கொடுக்குது" என்றாள். "குரலை நான் போட்டுக்கறேன்."

உள்ளேயிருந்து டப்பா விர்ரென்றது. அவள் திரும்பி, "பூட்டிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.